ருஷ்யாவின் கருஞ்சிரிப்பு

ஒரு கிழவி அளவுக்கு மீறிய ஆவலினால் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்து, நிலை தவறிக் கீழே விழுந்து மாண்டுபோகிறாள். மாண்டவளைக் காண எட்டிப் பார்த்த இன்னொரு கிழவிக்கும் அதே கதி நேர்கிறது. அவளுக்குப் பின்னே வந்தவர்களுக்கும் அப்படியே. ஆறு கிழவிகள் விழுந்தான பிறகு, இதுவரை நின்று பார்த்துக்கொண்டிருந்த கதைசொல்லிக்கு அலுப்புத் தட்டிவிடுகிறது. அவர் அந்த இடத்தை விட்டு மால்ட்ஸெவ் சந்தைக்குப் புறப்பட்டுப் போகிறார். அங்கே குருடர் ஒருவருக்கு யாரோ ஒரு பின்னல் சால்வையைத் தானமாகக் கொடுத்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்ததாம். கதை இவ்வளவுதான்.

1930-களில் லெனின்கிராட் நகரத்தில் இருந்துகொண்டு இதை எழுதியவர் தானியில் ஹார்ம்ஸ். அரைப் பக்கத்தில் அடங்கிவிடும் இந்தக் கதையை முதன்முறை படிக்கும்போது சிரிப்பு வந்துவிடுகிறது. இரண்டாம் முறை படிக்கும்போது, எதற்காகச் சிரித்தோம் என்ற கேள்வி எழுந்து மனத்தைக் குடைகிறது. அடுத்தடுத்து ஆறு உயிர்கள் அழிந்துபோவதைச் சொல்லிவிட்டு, ஒரு சொட்டுக் கண்ணீரும் ஒரு வார்த்தை அனுதாபமும் இல்லாமல் சந்தைக்குக் கிளம்பிவிடும் கதைசொல்லியைப் பார்த்துப் பழகியவர்கள் அல்ல நாம். நம் அலங்கார சாஸ்திரக்காரர்கள் ஹாஸ்யத்துக்கு ஓர் ஆசனமும் கருணத்துக்கு வேறோர் ஆசனமும் போட்டு, இரண்டையும் தனித்தனியே உட்கார வைத்தார்கள். அவ்விரண்டும் ஒரே ஆசனத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்காரும் இலக்கியத்தையே இக்காலத்து விமரிசகர்கள் அபத்த இலக்கியம் என்றும், அதிலிருந்து எழும் சிரிப்பைக் கருஞ்சிரிப்பு என்றும் அழைக்கிறார்கள். இவ்வகை எழுத்து பல பாஷைகளிலும் உண்டு. ஆனால் ருஷ்யாவில் அதற்கு வாய்த்த சரித்திரமும், அதன் கர்த்தாக்கள் அதற்காகக் கொடுத்த விலையும், நின்று கேட்டுத் தெரிந்துகொள்ளத் தக்கவை.

கிழவிகளின் கதையை இன்னும் சற்று நிதானமாகப் பார்ப்போம். முதல் கிழவியின் மரணத்துக்கும் இரண்டாமவளின் மரணத்துக்கும் சொல்லப்படும் காரணம் ஒன்றேதான்: வேடிக்கை பார்க்கும் ஆவல். வேடிக்கை பார்த்தவர்கள் கிழவிகள் மட்டுமா? ஆறு பேர் விழும்வரை எண்ணிக்கொண்டு நின்ற கதைசொல்லியும் வேடிக்கை பார்த்தவர்தான். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாசகரும் அப்படித்தான். முதல் மரணம் திடுக்கிட வைக்கும், இரண்டாவது வியப்பூட்டும், ஆறாவது சலிப்பூட்டும் என்ற மனித மனத்தின் கொடிய கணக்கை உபதேசமாக எடுத்துரைக்காமல், அந்தக் கணக்கு நம் நெஞ்சிலேயே நடந்து முடியும்படி செய்துவிடுகிறார் ஆசிரியர். கதையில் கருணை என்று சொல்லத்தக்க காரியம் ஒன்றே ஒன்றுதான்; அது குருடருக்குக் கிடைத்த சால்வை. அதுவும் காதில் விழுந்த வதந்தியாகக் கதையின் கடைசி ஓரத்தில் வந்து நிற்கிறது. மரணங்கள் கண்ணெதிரே நிச்சயமாக நடக்கின்றன. தர்மமோ எங்கேயோ நடந்ததாகக் கேள்வி. ஹார்ம்ஸ் அனுதாபத்தைக் கதையிலிருந்து வேண்டுமென்றே எடுத்துவிட்டார். எடுத்த இடம் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு, அதைக் கொண்டுவந்து அங்கே வைக்கும் பொறுப்பு படிக்கிறவர் தலையில் விழுகிறது. இந்த இலக்கியத்தின் ஜீவநாடி இதுவே என்பது என் துணிபு.

இப்படிப்பட்ட எழுத்து ஒரே நாளில் முளைத்ததன்று. 1836-ஆம் ஆண்டிலே, கவி புஷ்கின் நடத்திவந்த ‘சமகாலத்தவன்’ என்னும் பத்திரிகையில் நிக்கோலாய் கோகல் ‘மூக்கு’ என்ற கதையை வெளியிட்டார். ஒரு நாள் காலையில், நாவிதன் ஒருவன் தன் வீட்டு ரொட்டியை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு மூக்கு இருக்கிறது. அதே காலையில் கவல்யோவ் என்ற உத்தியோகஸ்தர் கண்விழித்துக் கண்ணாடியில் பார்த்தால் முகத்தில் மூக்கு இருந்த இடம் வழவழவென்று வெறுமையாக இருக்கிறது. சிறிது நேரத்துக்குள் அந்த மூக்கு, அவரைவிட உயர்ந்த பதவிக்குரிய உடுப்பைத் தரித்துக்கொண்டு, கோச்சு வண்டியில் ஏறிப் பீட்டர்ஸ்பர்க் வீதிகளில் சஞ்சரிப்பதை அவரே காண்கிறார். கஜான் தேவாலயத்தில் அதை நெருங்கிப் பேச வேண்டிய சமயத்தில், மேலதிகாரியின் உடுப்பைத் தரித்த ஒருவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தயங்கி நிற்கிறார். தம் மூக்கே தம்மை இன்னாரென்று அறியாததுபோல் நடந்துகொள்ள, அந்த மனிதர் பதவியின் தாரதம்மியத்தை எண்ணிக் கூசுகிறார் என்றால், அந்தச் சமூகத்தில் பதவி என்பது சரீரத்தைவிட மெய்யான வஸ்துவாக ஆகிவிட்டிருந்தது என்றல்லவா பொருள்? மூக்கு எப்படிக் கழன்று போயிற்று என்பதற்கோ, பிறகு ஒரு நாள் எப்படித் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது என்பதற்கோ கோகல் காரணமே சொல்லவில்லை. காரணம் சொல்ல மறுப்பதையே கலையாக்கிக் காட்டிய அந்தத் துணிச்சல், பின்வந்த ருஷ்ய எழுத்தாளர்களுக்குப் பிதிரார்ஜிதமாகக் கிடைத்தது.

1865-இல் தஸ்தயேவ்ஸ்கி எழுதிய ‘முதலை’ என்ற கதையில், காட்சிக்கு வைத்திருந்த முதலை ஓர் உத்தியோகஸ்தரை உயிரோடு விழுங்கிவிட, வெளியே நிற்பவர்கள் அன்னிய மூலதனத்தின் நன்மைகளை முன்னிட்டு முதலையின் வயிற்றைக் கிழிப்பது நியாயமாகுமா என்று விவாதிக்கிறார்கள். சில வருஷங்களுக்குப் பின் ஸால்டிகோவ்-ஷெத்ரின் எழுதிய ‘ஒரு நகரத்தின் வரலாறு’ என்ற நூலில் வரும் நகராதிபதியின் தலைக்குள் மூளைக்குப் பதிலாக ஒரு சிறு வாத்தியப் பெட்டி இருக்கிறது. பயமுறுத்தும் வாக்கியங்கள் இரண்டை மட்டுமே அது ஒலிக்க வல்லது. அந்த இரண்டு வாக்கியங்களைக் கொண்டே நகரம் ஆளப்படுகிறது. இந்த நூல்களையெல்லாம் படித்து வளர்ந்த தலைமுறையில் வந்தவர்தான் ஹார்ம்ஸ்.

அவர் 1905-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். தானியில் யுவச்சோவ் என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தை இவான் யுவச்சோவ், இளமையில் கடற்படை அதிகாரியாக இருந்து, ஜார் மன்னனுக்கு எதிரான ரகசியப் புரட்சிச் சங்கத்தில் சேர்ந்து, 1883-இல் பிடிபட்டு மரண தண்டனை விதிக்கப்பெற்று, அது கடுங்காவல் தண்டனையாகக் குறைக்கப்பட, ஷ்லிஸெல்பர்க் கோட்டையிலும் பின்னர் சகலீன் தீவிலும் வருஷக்கணக்காக அடைபட்டிருந்தவர். சிறைக்குப் போனபோது புரட்சிக்காரராக இருந்த அவர், திரும்பி வந்தபோது பரம பக்தராக இருந்தார். தாயாரோ சிறையிலிருந்து விடுதலையாகி வரும் பெண்களுக்கான ஒரு புகலிடத்தை நிர்வகித்துவந்தார். ஆகவே சிறையும் பிரார்த்தனையும் அந்தக் குழந்தைக்குப் பிறந்த வீட்டிலேயே பரிச்சயமான விஷயங்கள். பிற்காலத்தில் அவர் எழுதிவைத்த குறிப்பேடுகளில், விசித்திரமான கதைகளுக்கு இடையிடையே மனமுருகிய ஜபங்களும் காணப்படுவதைக் கண்டு வியப்பவர்கள் இந்தப் பின்னணியை மறந்துவிடக் கூடாது.

1920-களின் லெனின்கிராட் (பழைய பீட்டர்ஸ்பர்க்தான்), கலைத்துறையில் பழையதெல்லாம் கலைந்து புதியதெல்லாம் தலைதூக்கிய நகரம். அர்த்தத்துக்குக் கட்டுப்படாத ஒலிகளாலேயே கவிதை செய்ய முடியும் என்று ஹ்லேப்னிக்கோவ், குருச்சோனிஹ் முதலிய கவிகள் அதற்கு முன்பே காட்டியிருந்தார்கள். ஓவியர் மலேவிச் உருவங்களை விட்டொழித்து வெறும் சதுரங்களையும் வட்டங்களையும் தீட்டிக்கொண்டிருந்தார். மலேவிச்சின் சிநேகத்தைப் பெற்றிருந்த ஹார்ம்ஸ், அலெக்ஸாந்தர் வெதென்ஸ்கி, நிக்கோலாய் ஜபலோத்ஸ்கி முதலிய இளங்கவிகளோடு சேர்ந்து ‘மெய்க்கலைச் சங்கம்’ என்று பொருள்படும் ஓர் அமைப்பை நிறுவினார். 1928-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் தேதி மாலை, பந்தாங்கா ஆற்றங்கரையில் இருந்த பத்திரிகையாளர் மாளிகையில் இவர்கள் ஒரு நிகழ்ச்சியை நடத்தினார்கள். முதல் பகுதி கவிதை, இரண்டாவது நாடகம், மூன்றாவது சினிமா. மேடைக்கு ஒரு பெரிய அலமாரியைத் தள்ளிக்கொண்டு வர, அதன் உச்சியில் உட்கார்ந்தபடி ஹார்ம்ஸ் தம் கவிதைகளை வாசித்தார். கோமாளித்தனம் என்று அதை ஒதுக்கியவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் அச்சங்கத்தாரின் பிரகடனமோ மிகவும் கௌரவமான ஒரு நோக்கத்தைச் சொல்லிற்று: உலகத்துப் பொருள்களின் மேல் பழக்கமும் இலக்கிய அலங்காரமும் பூசிவைத்த மேற்பூச்சைச் சுரண்டிவிட்டு, அவற்றை வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அது.

அன்றிரவு மேடையேறிய நாடகம் ஹார்ம்ஸ் எழுதிய ‘எலிஸவேத்தா பாம்’. ஒரு பெண்ணைக் கைது செய்வதற்காக இரண்டு ஆண்கள் அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். தான் செய்த குற்றம் என்னவென்று அவளுக்குத் தெரியாது. கேட்டுக்கேட்டு, கடைசியில் தெரியவருகிற குற்றமோ கொலை. கொலையுண்டதாகச் சொல்லப்படுகிறவர், கைது செய்ய வந்திருக்கும் இருவரில் ஒருவரேதான்! இடையிலே நாடகம் கழைக்கூத்தாகவும், பாட்டாகவும், குழந்தைகளின் துரத்து விளையாட்டாகவும், கத்திச் சண்டையாகவும் மாறி மாறிப் போய், மறுபடியும் அதே கதவுக்கும் அதே தட்டலுக்கும் வந்து முடிகிறது. பிற்காலத்தில் லெனின்கிராட் வீடுகளில் நள்ளிரவில் கேட்கப்போகும் கதவுத் தட்டல்களை ஆசிரியர் முன்கூட்டியே கேட்டுவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவரைத் தீர்க்கதரிசியாக்க விரும்பவில்லை. கனவில் நிகழ்வதுபோல் ஒரு பயத்துக்குக் காரணத்தைப் பிரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று அவர் பரிசோதித்துப் பார்த்தார். சரித்திரம் பின்னால் வந்து அந்தப் பரிசோதனையை மெய்ப்பித்துவிட்டது.

இரண்டே வருஷங்களில் சங்கத்தின் ஆயுள் முடிந்தது. 1930 ஏப்ரலில் மாணவர் விடுதி ஒன்றில் இவர்கள் கவிதை படித்த பிறகு, ‘ஸ்மெனா’ என்ற பத்திரிகை இவர்களை வர்க்க விரோதிகளின் கவிஞர்கள் என்று சாடி எழுதிற்று. பொதுமேடை அத்தோடு மூடிக்கொண்டது. பெரியவர்களுக்காக ஹார்ம்ஸ் எழுதியவற்றில் அவர் ஜீவிய காலத்தில் அச்சேறியவை இரண்டே இரண்டு கவிதைகள். வயிற்றுப்பாட்டுக்குக் கைகொடுத்தது குழந்தை இலக்கியம். கவி சாமுவில் மர்ஷாக்கின் ஆதரவில், நேவ்ஸ்கி வீதியில் பழைய சிங்கர் கம்பெனிக் கட்டடத்திலிருந்து நடந்த குழந்தைப் பதிப்பகமும், 1928-இல் தொடங்கிய ‘முள்ளெலி’, 1930-இல் தொடங்கிய ‘குருவி’ என்ற பத்திரிகைகளும் இவர்களுக்கு நிழல் கொடுத்தன. திரும்பத் திரும்ப எண்ணுவதும், திடீரென்று ஒருவர் காணாமற்போவதும், ஒன்று இன்னொன்றாக மாறுவதும் குழந்தைகளுக்கு இயல்பான இன்பங்கள் ஆதலால், பெரியவர்கள் சகிக்காத அதே கற்பனையைச் சிறுவர்கள் கைகொட்டி வரவேற்றார்கள்.

அந்த நிழலும் நிலைக்கவில்லை. 1931 டிசம்பரில் ஹார்ம்ஸும் வெதென்ஸ்கியும் வேறு சிலரும் கைது செய்யப்பட்டார்கள். குழந்தை இலக்கியத்துக்குள் சோவியத் விரோதக் கருத்துக்களைப் புகுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. அர்த்தமற்ற கவிதை என்பதே ஏதோ ரகசிய அர்த்தத்தை மறைப்பதற்கான தந்திரம் என்று விசாரணை அதிகாரிகள் கொண்டார்கள். 1932-இல் இருவரும் கூர்ஸ்க் நகருக்கு நாடுகடத்தப்பட்டு, சில மாதங்கள் அங்கே நோயிலும் தனிமையிலும் கழித்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு 1937-இல், ‘குருவி’ பத்திரிகையில் ஹார்ம்ஸின் சிறுவர் பாட்டு ஒன்று வந்தது. ஒருவன் கைத்தடியும் பையுமாக வீட்டை விட்டுக் கிளம்பி, உண்ணாமலும் உறங்காமலும் நடந்து, ஓர் இருண்ட காட்டுக்குள் நுழைந்து, அன்றோடு மறைந்துபோகிறான். எங்கேயாவது அவனைக் கண்டால் உடனே எங்களுக்குச் சொல்லுங்கள் என்று பாட்டு குழந்தைகளைக் கேட்டுக்கொள்கிறது. அந்த ஆண்டு, சோவியத் நாடெங்கும் மனிதர்கள் வீட்டிலிருந்து மறைந்துகொண்டிருந்த ஆண்டு. பாட்டு வெளிவந்த பிறகு ஏறக்குறைய ஒரு வருஷ காலம் ஹார்ம்ஸின் எழுத்தை யாரும் பிரசுரிக்கவில்லை. அவரும் அவர் மனைவி மரீனா மாலிச்சும் பட்டினி கிடந்த நாள்களின் கதையை அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது.

ஆனால் அவருடைய மிகச் சிறந்த எழுத்து விளைந்ததும் அந்தப் பஞ்ச காலத்தில்தான். 1933 முதல் 1939 வரை எழுதிய முப்பது சிறு துண்டுகளைத் தொகுத்து, ‘சம்பவங்கள்’ என்று தலைப்பிட்டு, மனைவிக்குச் சமர்ப்பணம் செய்து, அழகாகப் பிரதி எடுத்துவைத்தார். அச்சேறும் என்ற நம்பிக்கை துளியும் இல்லாத ஒரு நூலுக்கு அத்தனை சிரத்தை! அவற்றில் ஒன்றில், ஏழு முதலில் வருமா எட்டு முதலில் வருமா என்பது ஒருவனுக்கு மறந்துபோகிறது. அண்டை வீட்டாரைக் கேட்டால் அவர்களுக்கும் மறந்திருக்கிறது. எல்லோரும் வாதிட்டுக்கொண்டிருக்கையில் ஒரு குழந்தை பெஞ்சியிலிருந்து விழுந்து தாடையை உடைத்துக்கொள்ள, அந்தப் பரபரப்பில் கேள்வியே மறந்துபோய் எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். மற்றொன்றில் புஷ்கினும் கோகலும் ஒருவர்மேல் ஒருவர் மாறி மாறி இடறி விழுந்துகொண்டே இருக்கிறார்கள். வேறொன்றில் செம்பட்டை மயிர்க்காரன் ஒருவன் அறிமுகமாகி, அவனுக்குக் கண் இல்லை, காது இல்லை, மயிரும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழிபட்டு, கடைசியில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாமல் போய்விட, பேச்சு நின்றுவிடுகிறது.

மனிதர்கள் சுவடில்லாமல் அழிக்கப்பட்ட காலத்தின் சித்திரமாக இந்தக் கடைசிக் கதையை வாசிப்பது நியாயந்தான். அது எழுதப்பட்டதும் 1937 ஜனவரியில்தான். எனினும் அபத்த இலக்கியம் முழுவதையும் அரசாங்கத்துக்கு எதிரான சங்கேத பாஷை என்று சுருக்கிவிடுவோமானால், அன்று விசாரணை அதிகாரிகள் செய்த அதே பிழையை நாமும் செய்தவர்களாவோம். அந்தக் கதையின் கையெழுத்துப் பிரதியில், ஓரத்தில், தத்துவ ஞானி காண்ட்டை மறுப்பதாக ஒரு குறிப்பை ஹார்ம்ஸ் எழுதியிருக்கிறார். குணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டால் பொருள் என்று ஒன்று மிஞ்சுமா என்ற பழைய வேதாந்த விசாரம் போன்றதொரு விசாரம் அதில் இருக்கிறது. தத்துவ அறிஞர்களான யாக்கவ் துரூஸ்கின், லியனீத் லிபாவ்ஸ்கி ஆகியோரோடு இரவு நெடுநேரம் காலத்தையும் மரணத்தையும் எண்களையும் பற்றிப் பேசிக் களித்தவர் அவர். எண் வரிசை மறந்துபோன கதையை எழுதிய கை, எண்களின் இயல்பைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்ட கை.

1939-இல் எழுதிய ‘கிழவி’ என்ற குறுநாவலே அவருடைய படைப்புக்களில் நீளமானதும், என் கணிப்பில் உயர்ந்ததும் ஆகும். முள்ளில்லாத கடியாரத்தைக் கையில் வைத்திருக்கும் ஒரு கிழவி, எழுத்தாளன் ஒருவனுடைய அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து செத்துப்போகிறாள்; அந்தப் பிரேதத்தை என்ன செய்வது என்று அவன் படும் பாடுதான் கதை. அதற்குள்ளே அந்த எழுத்தாளன் எழுத நினைக்கும் கதை ஒன்று வருகிறது. அதன் நாயகன் அற்புதங்கள் செய்ய வல்ல சித்த புருஷன். நம் காலத்தில் நம் நகரத்திலேயே வாழ்கிறான். வீட்டை விட்டு அவனைத் துரத்துகிறார்கள். ஒரு விரலை அசைத்தால் அந்த வீடு தன்னுடையதாகிவிடும் என்று அறிந்தும் அசைக்காமல், அடங்கி வெளியேறி, ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் போய்த் தங்குகிறான். அதை அழகிய மாளிகையாக்க அவனால் முடியும், ஆக்குவதில்லை. வாழ்நாள் முழுவதும் ஓர் அற்புதமும் செய்யாமலே இறந்துபோகிறான். இந்தச் சில வரிகளில் எத்தனை துக்கம்! கடவுளை நம்பிய ஒருவர், கடவுள் ஏன் பேசாதிருக்கிறார் என்று கேட்பதற்கு இதைவிட அடக்கமான வழியை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

வெதென்ஸ்கி இன்னும் கடினமான ஆசிரியர். 1938-இல் அவர் எழுதிய ‘இவானோவ் வீட்டுக் கிறிஸ்துமஸ்’ என்ற நாடகத்தில், ஒரு வீட்டுக் குழந்தைகள் ஏழு பேர். ஒன்றுக்கு வயது 1, இன்னொன்றுக்கு 82. ஒருத்தியைக் கோபத்தில் செவிலித்தாய் கோடாலியால் வெட்டிக் கொன்றுவிடுகிறாள். கிறிஸ்துமஸ் மரத்தில் விளக்கேற்றும் ஆனந்தத்தின் நடுவே மற்றவர்களும் ஒவ்வொருவராக மாண்டுபோகிறார்கள். நாடகம் முழுவதும் தேடினாலும் இவானோவ் என்ற பெயருள்ளவர் ஒருவர்கூட இல்லை. இந்தச் சங்கத்தைச் சேராதவராயினும், நிக்கோலாய் எர்த்மன் எழுதிய ‘தற்கொலை’ என்ற நாடகமும் கருஞ்சிரிப்பின் சிகரங்களில் ஒன்று. வேலையில்லாத ஒரு சாமானியன் உயிரை விடப்போகிறான் என்று சேதி பரவியதும், படித்தவர்களின் பிரதிநிதியும், பாதிரியாரும், காதலில் தோற்றவளும் வரிசையாக வந்து, எப்படியும் சாகிறவன் தங்கள் தரப்புக்காகச் சாகட்டும் என்று கெஞ்சுகிறார்கள். உயிரோடு இருந்தவரை அவனைத் திரும்பிப் பார்த்தவர் இல்லை. நாடக இயக்குநர் மேயர்ஹோல்ட் ஒத்திகை பார்த்துவந்த அந்த நாடகம் 1932-இல் தடை செய்யப்பட்டது. மறு ஆண்டு எர்த்மன் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்.

மெய்க்கலைச் சங்கத்தாரையும் அவர்தம் தோழர்களையும் விதி எப்படி நடத்திற்று என்பதைச் சொல்ல நெஞ்சு நடுங்குகிறது. ‘முள்ளெலி’யின் ஆசிரியராக இருந்த அங்கதக் கவி ஒலெய்னிகோவ் 1937 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜபலோத்ஸ்கி 1938-இல் கைதாகி, வருஷக்கணக்கில் உழைப்பு முகாம்களில் கிடந்து பிழைத்து வந்தார். லிபாவ்ஸ்கி யுத்தத்தில் மாண்டார். கார்க்கோவ் நகரில் குடியேறியிருந்த வெதென்ஸ்கி, ஜெர்மானியர் நெருங்கி வந்த சமயத்தில் கைதாகி, 1941 டிசம்பரில் கைதிகளை ஏற்றிச்சென்ற ரயிலில் நோயுற்று உயிர் நீத்தார். ஹார்ம்ஸை அதே வருஷம் ஆகஸ்ட் 23-ஆம் தேதி பிடித்தார்கள்; தோல்வி மனப்பான்மையைப் பரப்பினார் என்பது குற்றம். சித்தப் பிரமை கொண்டவர் என்று தீர்மானித்துச் சிறை மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவில் அடைத்தார்கள். அதற்குள் லெனின்கிராட் முற்றுகைக்குள் சிக்கிவிட்டது. பனியும் பசியும் நகரத்தைத் தின்றுகொண்டிருந்தன. தன் பங்கு உணவில் மிச்சம் பிடித்ததைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு போன மரீனாவிடம், சிறை ஜன்னலிலிருந்து பொட்டலம் திருப்பித் தரப்பட்டது. ஹார்ம்ஸ் 1942 பிப்ரவரி 2-ஆம் தேதி இறந்துவிட்டார் என்ற சேதியும் அத்தோடு வந்தது. அவருக்கு அப்போது வயது 36.

எழுத்து பிழைத்த கதை தனிக்கதை. குண்டுவீச்சில் சேதமடைந்திருந்த வீட்டில் கிடந்த கையெழுத்துப் பிரதிகளை, பசியால் நடக்கவும் தெம்பற்றிருந்த துரூஸ்கின் மரீனாவின் உதவியோடு ஒரு பெட்டியில் திரட்டி எடுத்துச் சென்றார். முற்றுகை நகரத்திலிருந்து வெளியேறியபோதும் அதைத் தம்மோடு கொண்டுபோனார். நண்பர்கள் என்றேனும் திரும்பி வருவார்கள், வந்து கேட்பார்கள் என்ற நம்பிக்கையால், யுத்தம் முடியும்வரை அந்தக் காகிதங்களை அவர் பிரித்தும் பார்க்கவில்லை. சோவியத் அரசாங்கம் ஹார்ம்ஸைக் குற்றமற்றவர் என்று 1960-இல் அறிவித்தது. அதன் பிறகு சில இளம் ஆராய்ச்சியாளர்கள் துரூஸ்கினிடம் வந்து, அந்தப் பிரதிகளைப் படித்துப் பெயர்த்தெழுதத் தொடங்கினார்கள். 1978-இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் ஹார்ம்ஸ் தொகுதிகள் வரத் தொடங்கின. சொந்த ஊரான லெனின்கிராடில் பெரியவர்களுக்கான அவருடைய நூல் ஒன்று கௌரவமாக வெளிவந்தது 1988-இல்தான்.

இங்கே தேதிகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது அவசியம். அபத்த நாடகம் என்றவுடன் உலகம் நினைப்பது பாரிஸ் நகரத்தைத்தான். இயொனெஸ்கோவின் முதல் நாடகம் அங்கே மேடையேறியது 1950-இல், பெக்கெட்டின் ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ 1953-இல். ‘எலிஸவேத்தா பாம்’ அதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு மூத்தது. பாரிஸ்காரர்களுக்கு இந்த ருஷ்யர்களின் பெயர்கூடத் தெரிந்திராது. ஆகவே கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஒரு பேதத்தைச் சொல்ல வேண்டும். பாரிஸில் அபத்தம் மனித வாழ்வைப் பற்றிய ஒரு முடிவாக வந்தது. லெனின்கிராடிலோ அது கடை வரிசையிலும், பல குடும்பங்கள் பகிர்ந்த சமையலறையிலும், போலீஸ்காரரின் குறிப்புப் புத்தகத்திலும் தினந்தோறும் நேரிட்ட அனுபவமாக இருந்தது. அதனால்தான் ஹார்ம்ஸின் வாக்கியங்கள் போலீஸ் அறிக்கையைப் போல் சுருக்கமாகவும் சாதாரணமாகவும் இருக்கின்றன. குரல் ஒரு தரமாவது உயர்வதில்லை.

ருஷ்ய இலக்கியம் தமிழுக்கு அன்னியமானதன்று. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகத்திலேயே தமிழர்கள் அமர்ந்து மொழிபெயர்த்த நூல்கள், நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாகக் குறைந்த விலைக்கு நம் ஊர்களுக்கெல்லாம் வந்து சேர்ந்தன. டால்ஸ்டாயும் கார்க்கியும் நம் வீட்டு மனிதர்களைப் போல் ஆனார்கள். ஆயினும் அந்த வருஷங்களில் ஹார்ம்ஸும் வெதென்ஸ்கியும் தங்கள் தாய்நாட்டிலேயே அச்சேற முடியாதவர்களாக இருந்தபடியால், அந்த நூல்களை ஏற்றிவந்த கப்பல்களில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. இன்று அந்தத் தடை இல்லை. ‘சம்பவங்கள்’ முப்பதும், ‘கிழவி’யும், ‘எலிஸவேத்தா பாம்’ நாடகமும் சேர்ந்தால் ஒரு சிறு நூலுக்கு மேல் போகாது. ருஷ்ய பாஷையைக் கற்ற தமிழர்களில் யாரேனும், வேற்று மொழியின் வழியாகச் சுற்றிப் போகாமல் மூலத்திலிருந்தே நேராக, அந்தச் சாதாரணமான குரல் கெடாதபடி, இவற்றை ஒருசேரத் தமிழில் தர முன்வர வேண்டும். பதிப்பகத்தார் அதற்குக் கைகொடுக்க வேண்டும். அதுவரை வாசகர்கள் கோகலின் ‘மூக்கு’ கதையிலிருந்து தொடங்கலாம்.